கேட்டிட்டு எடுப்பம்

அக்காவின் பெயரை நான் இதில் எழுதவில்லை. எழுதுவதென்றால் முதலில் அவரிடம் கேட்க வேண்டும். என்னிடம் இருக்கிற நம்பருக்கு எடுத்தால் யாரோ ஒரு பெண் சிங்களத்தில் பிழையான நம்பர் என்று சொல்லி வைத்துவிடுகிறார். அவர் வேலை செய்த கொட்டாஞ்சேனைப் பல் வைத்தியரின் கிளினிக்கும் இப்போது இல்லை. அந்த இடத்தில் மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள். கல்கிசைப் பக்கம் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார். தங்கையோடு வெளிநாடு போய்விட்டார் என்று இன்னொருவர் சொன்னார். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அந்த நாளில் எல்லாரும் கூப்பிட்ட மாதிரி அக்கா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அதற்குக் கோபிக்க மாட்டார்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், ஒரு மாடிக் கட்டடத்தில் சனி ஞாயிறுகளில் சினிமா டிப்ளோமா வகுப்பு நடந்தது. வகுப்பு முடிய ஒவ்வொரு குழுவும் ஒரு குறும்படம் செய்து கொடுக்க வேண்டும். எங்கள் குழுவில் மூன்று பேர். எழுதி இயக்குவதும் எடிட் செய்வதும் நான். கமெரா ரிஸ்வான். அவன் கலியாண வீடுகளில் வீடியோ எடுத்துப் பழகினவன். கை வேகம், வாயும் வேகம். மூன்றாவது ஆள் அக்கா. கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறவர், எங்களை விட ஐந்தாறு வயது கூட. அவருக்கு நாங்கள் கொடுத்த வேலை தயாரிப்பு நிர்வாகம். எங்கள் வகுப்பில் அதற்கு அர்த்தம் மத்தியானச் சோற்றுப் பார்சல் வாங்கிக்கொண்டு வருவது. அக்கா அதை அப்படி விளங்கிக்கொள்ளவில்லை.

அக்கா கேட்பார். எதையும் கேட்டுத்தான் செய்வார். பஸ்ஸில் பக்கத்து ஆசனம் வெறுமையாகக் கிடந்தாலும் ஜன்னலோரம் இருக்கிறவரிடம், "இருக்கட்டோ?" என்று கேட்டுவிட்டுத்தான் இருப்பார். வகுப்பில் போனுக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டுமென்றால், சுவர் யாருடையதோ அவரைத் தேடிப் போய்க் கேட்பார். ஒரு நாள் படிக்கட்டில் படுத்திருந்த பூனையைப் படம் எடுக்கப் போனை நீட்டினவர், பூனை கண்ணைத் திறந்து பார்த்ததும் போனை இறக்கிவிட்டார். "அதுக்கு விருப்பமில்லை போல கிடக்கு," என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை.

"கிளினிக்கில பழகின பழக்கம்," என்று ஒரு முறை சொன்னார். "வாயத் திறக்கச் சொல்ல முதல் டொக்டர் ஒரு வார்த்தை கேப்பார். கேட்டா ஆக்கள் பயப்பிட மாட்டினம். கேக்காமல் கையை வைச்சாத்தான் கடிப்பினம்."

படத்தின் கதை சின்னது. கொட்டாஞ்சேனையில் தாயோடு இருக்கிற ஒரு பெண்பிள்ளை, பிரிந்து போய் வெள்ளவத்தையில் வேறு குடும்பத்தோடு இருக்கிற தகப்பனின் பிறந்தநாளுக்கு ஒரு கேக் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வருகிறாள். கேற் வரைக்கும் போகிறாள். உள்ளே பிள்ளைகளின் சத்தம் கேட்கிறது. மணியை அடிக்காமல் திரும்பி, கேக்கோடு ஸ்டேஷனில் வந்து இருக்கிறாள். அவ்வளவுதான். என் சித்தியின் மகள் சிந்து நடித்தாள்.

முதல் நாள் ஷூட்டிங் கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரியில். சிந்து உள்ளே போய்க் கேக் வாங்க வேண்டும். ரிஸ்வானின் யோசனை, கமெராவைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வாங்குகிற மாதிரிப் போய் எடுத்துவிட்டு வந்துவிடலாம் என்பது.

"கேட்டிட்டு எடுப்பம்," என்றார் அக்கா.

"அக்கா, கேட்டா ஏலாது எண்டு சொல்லுவாங்க."

"சொன்னா வேற பேக்கரி பாப்பம், மல்லி."

தம்பி என்பதற்குச் சிங்களத்தில் மல்லி; ரிஸ்வானை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். உள்ளே போனார். முதலாளியிடம் கேட்டார். முதலாளி தலையை ஆட்டினதும் நாங்கள் கமெராவைத் தூக்கினோம். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, பணிஸ் அடுக்கிக்கொண்டு நின்ற பெடியனிடம் கேட்டார். பிறகு பாண் வாங்க நின்ற ஆட்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டார். அதற்குள் முதலாளியைக் காணவில்லை. விசாரித்தால், சவரம் செய்து நல்ல சேட் போட்டுக்கொண்டு வர வீட்டுக்குப் போயிருக்கிறார். வெளியே வெயில் சுவரை விட்டு ஏறிப் போய்க்கொண்டிருந்தது. ரிஸ்வான் கமெராவை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதைக் கல்லில் குந்தியிருந்தான். "வெளிச்சம் போகுது, வெளிச்சம் போகுது," என்று செத்த வீட்டில் சொல்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

முதலாளி வந்தார். நீலச் சேட், படிய வாரின தலை. நாங்கள் படத்துக்கென்று வாங்கி வைத்திருந்த மலிவான கேக் பெட்டியைத் திறந்து பார்த்தார். "இதயா காட்டப் போறீங்க? எங்கட கடைக்கு மானம் இல்லையா?" என்று உள்ளே போனவர், ரோசாப் பூ வைத்து ஒரு கேக்கைத் தானே செய்து கொண்டு வந்து வைத்தார். அந்தக் கேக்கைத்தான் படம் முழுக்கச் சிந்து மடியில் வைத்துக்கொண்டு வருகிறாள். அவ்வளவு வடிவான கேக்கை மணியடிக்காமல் திருப்பிக் கொண்டுபோகிறாள் என்பதுதான் பார்த்த எல்லாருக்கும் வலித்தது.

பஸ்ஸில் நடந்ததைச் சொன்னால் இப்போதும் சிரிப்பு வரும். அக்கா கொண்டக்டரிடம் கேட்டார். அவர் சிங்களவர், நல்ல மனிசன். சரி என்று சொல்லிவிட்டு, பஸ்ஸின் நடுவில் நின்று சிங்களத்தில் ஒரு அறிவித்தல் செய்தார். பிறகு எங்களுக்கு மரியாதையாகத் தமிழிலும், "படம் எடுக்குது! மூஞ்சி வேணாம் ஆள் முன்னுக்கு வா!" என்று கத்தினார். அரைவாசிச் சனம் எழும்பி முன்னுக்குப் போனது. பின்பக்கத்தில் மிஞ்சினவர்கள் தலையைச் சரி செய்துகொண்டு நேராகக் கமெராவையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் எழும்பவுமில்லை, தலையைச் சரி செய்யவுமில்லை. கையிலிருந்த பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். சிந்துவுக்குப் பக்கத்து ஆசனம் அது.

"அவர் வேண்டாம் எண்டுறார்," என்றார் அக்கா.

"பேப்பர்தானே தெரியுது. பேப்பருக்கு மூஞ்சி இல்லையே!" என்றான் ரிஸ்வான்.

அக்கா பெரியவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு கை வெளியே வந்து, எடுங்கள் என்ற மாதிரி அசைந்தது. எடுத்தோம்.

வெள்ளவத்தை ஸ்டேஷனில் எடுக்க அனுமதி வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அதற்கு அக்கா வேலைக்கு லீவு போட்டு எந்தெந்தக் கந்தோருக்கெல்லாம் ஏறி இறங்கினார் என்று எனக்கு முழுக்கத் தெரியாது. கடைசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் சீல் குத்தின கடிதத்தோடு வந்தார். கடலைப் பார்த்த பிளட்போம். சிந்து பிளட்போம் வாங்கில் கேக்கோடு குந்தியிருக்கிற காட்சியை எடுத்து முடித்தோம். ரிஸ்வான், ரெயின் வருகிறதையும் எடுத்து வைப்போம் என்று கமெராவை அந்தப் பக்கம் திருப்பி ஓட விட்டுவிட்டு, எங்களோடு பிளேன்ரீ குடித்துக்கொண்டு நின்றான்.

அன்று அந்தக் கமெராவில் என்ன விழுந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒரு கிழமை கழித்து எங்கள் பிளட்டில் எடிட் செய்ய உட்கார்ந்தபோதுதான் கண்டேன். ரெயினுக்காக எடுத்த ஷொட்டின் ஒரு பக்கத்தில், எதிர்ப் பிளட்போமில் இன்னொரு வாங்கு. அதில் பச்சைச் சாரி கட்டின ஒரு பெண், நாற்பது வயதுக்குள். பணிஸ் ஒன்றைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டு தண்டவாளத்தைப் பார்க்கிறார். திடீரென்று சிரிக்கிறார். தனியே. முதலில் வாயைப் பொத்துகிறார். பிறகு ஏலாமல் தோள் குலுங்கச் சிரிக்கிறார். சாரித் தலைப்பால் கண்ணைத் துடைக்கிறார். திரும்பவும் சிரிப்பு வருகிறது. ரெயின் வந்து மறைக்கிறது.

எங்கள் படத்துக்கு முடிவு சரியாக வரவில்லை என்று எனக்கு முதலே தெரியும். சிந்து கேக்கோடு இருக்கிறாள், கடலைப் பார்க்கிறாள், பிறகு என்ன? விளையாட்டாக அந்தப் பெண்ணின் ஷொட்டைக் கொண்டுபோய்ச் சிந்துவின் முகத்துக்குப் பிறகு வைத்தேன். சிந்து பார்க்கிறாள். அந்தப் பெண் சிரிக்கிறார். திரும்பவும் சிந்து. அவளுடைய முகத்தில் ஒன்றும் மாறவில்லை, அதே ஷொட்தான். ஆனால் அவள் இனி வீட்டுக்குப் போய்விடுவாள், பிழைத்துக்கொள்வாள் என்று தெரிந்தது. தேத்தண்ணி கொண்டு வந்த அம்மா கட்டில் விளிம்பில் இருந்துவிட்டார். "ஆர் பிள்ளை இந்த மனிசி?" என்று கேட்டார்.

ரிஸ்வானுக்குத் துள்ளல். போட்டி ஒன்றுக்கு அனுப்ப இருந்தோம். அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டி ஒரு முன்னோட்டம் செய்து பேஸ்புக்கில் போட்டால் நாலு நாளில் ஊர் முழுக்கப் பார்க்கும் என்றான். அன்றைக்கே செய்தும் விட்டான். போடுவதற்கு முன்னால் அக்காவுக்குக் காட்டினோம். அக்கா பார்த்தார். அவருக்கும் கண் கலங்கியது.

"சரியான வடிவா இருக்கு," என்றார். பிறகு, "அவவைக் கேட்டனீங்களா?" என்றார்.

"அக்கா, அது பிளட்போம். ஆயிரம் பேர் போய் வாற இடம்," என்றான் ரிஸ்வான். "லெட்டரும் நீங்கதானே எடுத்துத் தந்தீங்க?"

"லெட்டர் ஸ்டேஷனுக்குத்தானே மல்லி. அவவுக்கு இல்லையே."

"ஆரெண்டே தெரியாது. எங்க போய்க் கேக்கிறது?"

"நான் தேடிப் பாக்கிறன். வாற சனிக்கிழமை வரைக்கும் போடாதேங்கோ."

எனக்கும் எரிச்சல்தான். போட்டிக்கு அனுப்புகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ரிஸ்வான் போன பிறகு, குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்ற அக்காவிடம், "ஏன் அக்கா இப்பிடிப் பிடிவாதம் பிடிக்கிறீங்கள்?" என்று கேட்டேன். கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார்.

"எங்கட வீட்டுக்குள்ள கன பேர் கேக்காமல் வந்திருக்கினம், தங்கச்சி. நான் சின்னப் பிள்ளை அப்ப. ஆமிச் சப்பாத்தோட வருவினம், அலுமாரியைத் திறப்பினம், அப்பாவின்ர ஐடென்ரி காட்டை வாங்கிப் பாப்பினம், போவினம். ஒண்டும் எடுக்கேல்லை. ஒருத்தரையும் அடிக்கேல்லை. ஆனா அதுக்குப் பிறகு அந்த அலுமாரியை அம்மா திறக்கிற நேரமெல்லாம் ஒருக்கால் திரும்பிப் பாப்பா."

அதற்கு மேல் அதைப் பற்றி அவர் ஒரு நாளும் கதைத்ததில்லை.

அந்தப் பெண்ணை அக்கா கண்டுபிடித்த விதம் லேசானது. அந்தப் பச்சைச் சாரியும் அதே கரையும் காலி வீதியில் வேறொரு பெண்ணிலும் இருந்ததைக் கண்டார். அது ஒரு புடவைக் கடையின் சீருடை. உள்ளே போய், தனக்கு ஒரு நூல் சாரி காட்டச் சொல்லிக் கேட்டு, விரிக்கிற ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். இரண்டாவது மாடியில் அந்தப் பெண் நின்றார். கடை ஆட்களுக்கு முன்னால் ஒன்றும் கதைக்காமல், வேலை முடிந்து வரும் வரைக்கும் வாசலில் காத்திருந்து, ஸ்டேஷன் வரை கூடவே நடந்து, போனில் இருந்த அந்தத் துண்டைக் காட்டியிருக்கிறார்.

சனிக்கிழமை வகுப்புக்கு வந்ததும் சொன்னார். "வேண்டாமாம்."

ரிஸ்வான் வாயைத் திறந்தபடி நின்றான். "ஏனாம்?"

"கேக்கேல்லை."

"ஏனெண்டு கேக்கல்லயா? எல்லாத்தயும் கேக்கிற நீங்க இத மட்டும் கேக்கல்லயா?"

"வேண்டாம் எண்டு சொல்லுறதுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லைத்தானே."

அன்றைக்குப் பெரிய சண்டை. முகத்தை மங்கலாக்கிப் போடுவோம் என்றான் ரிஸ்வான். முகத்தை மங்கலாக்கினால் சிரிப்பும் போய்விடும், பிறகு எதற்கு அது என்று நான் சொன்னேன். சிங்களப் படக்காரர், இந்தியப் படக்காரர் ஒருத்தரும் இப்படிக் கேட்டுக்கொண்டு திரிவதில்லை என்றான். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் போட்டால் நான் தடுக்க ஏலாது, மல்லி. என்ர பேரை மட்டும் எடுத்துவிடுங்கோ. அவவுக்கு நான் போடமாட்டம் எண்டு சொல்லிப்போட்டன்," என்றார்.

ரிஸ்வான் என்னைப் பார்த்தான். லப்டொப் என்னிடம்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்த ஷொட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அதை விட்டால் படத்துக்கு முடிவு இல்லை. ஆனால் அந்தப் பெண் வாயைப் பொத்துகிற இடம் வரும்போதெல்லாம், அவர் யாரிடமிருந்து அந்தச் சிரிப்பை மறைக்கிறார் என்ற யோசனை எனக்கு வந்துகொண்டே இருந்தது. அது வந்த பிறகு முன்னைப் போல் அதைப் பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பி எடுத்துவிட்டேன்.

முடிவுக்கு வேறு ஒன்று தேட வேண்டியிருந்தது. பஸ்ஸில் எடுத்ததையெல்லாம் முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தபோது ஒரு இடத்தில் நின்றேன். சிந்து கேக் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்க்கிறாள். பக்கத்தில் பேப்பர் கொஞ்சம் இறங்குகிறது. அந்தப் பெரியவரின் கண் இரண்டும் மேலே வந்து, பெட்டியைப் பார்த்து, அவளைப் பார்த்து, திரும்பப் பேப்பருக்குள் போகின்றன. ஒரு மனிசன் கவனித்துவிட்டார் என்பது போதுமாக இருந்தது. திரும்பிப் போகிற பயணமாக அதை வைத்து முடித்தேன். முன்னைய முடிவு அளவுக்கு வரவில்லை. ஆனால் பொய்யாகவும் இல்லை.

அக்காவுக்குக் காட்டினேன். "நல்லா இருக்கு," என்றார். நான் முந்திக்கொண்டேன்: "ஓம், ஓம், அவரையும் கேக்கோணும்."

அக்கா சிரித்தார். கொண்டக்டர் மூலமாக ஆளைப் பிடித்தார். ஓய்வு பெற்ற ஒரு சிங்களக் கணக்காளர். கண் மட்டும் என்றால் பரவாயில்லை, மூக்குத் தெரிந்தால் வழக்குப் போடுவேன் என்று சொல்லிக் கைகொடுத்தாராம்.

போட்டிக்கு அனுப்பினோம். பரிசு கிடைக்கவில்லை. வேறொரு குழுவின் படத்துக்குக் கிடைத்தது. அது உண்மையில் எங்கள் படத்தை விட நல்ல படம். ரிஸ்வான் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கச் சில நாள் எடுத்தது.

பிறகு அக்கா, "நாங்களே ஒரு நாள் போட்டுக் காட்டுவம்," என்று தொடங்கினார். மற்றக் குழுக்களும் அப்படிச் செய்தார்கள். போஸ்டர் அடித்தார்கள், முன்னோட்டம் போட்டார்கள், சினேகிதர்களைப் பகிரச் சொன்னார்கள். வந்தது அவரவர் வீட்டு ஆட்கள்தான். அக்கா போஸ்டர் அடிக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன வாசிகசாலை மண்டபத்தைக் கேட்டு எடுத்தார். பிறகு, யார் யாரிடம் அனுமதி கேட்டாரோ அவர்கள் ஒவ்வொருவரிடமும் திரும்பப் போய், "படம் முடிஞ்சுது, பாக்க வாறீங்களா?" என்று கேட்டார்.

அந்தப் பின்னேரத்தை நான் மறக்க மாட்டேன். பேக்கரி முதலாளி நீலச் சேட்டோடு குடும்பமாக வந்தார். கையில் ரோசாப் பூ வைத்த கேக். பணிஸ் அடுக்கின பெடியன் தன் தாயோடு வந்தான். கொண்டக்டர், டிரைவரையும் இழுத்துக்கொண்டு வந்தார். படத்தில் தகப்பன் வீடாகக் காட்டத் தன் கேற்றைத் தந்த வெள்ளவத்தை வீட்டுக்காரர், ஸ்டேஷனில் ரிக்கற் வாங்கிப் பார்க்கிறவர், பேப்பர் பெரியவர், பாண் வாங்க நின்ற ஆட்கள். நாங்கள் போட்ட கதிரை போதாமல், பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கிப் போட்டோம். அந்த வீட்டு ஆட்களும் கதிரையோடு வந்துவிட்டார்கள். படம் தொடங்கினதும் ஒருவரும் வாயை மூடவில்லை. "அந்தா நான்!" "அது எங்கட கடை!" பேப்பர் திரையில் வந்ததும் கொண்டக்டர் சீட்டி அடித்தார். கேற்றில் சிந்து மணியைத் தொடாமல் கையை எடுத்தபோதுதான் மண்டபம் அமைதியானது. பேக்கரி முதலாளி, "மணிய அடி பிள்ள, கேக் பழுதாகப் போகுது," என்று சத்தமாகவே சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

ரிஸ்வான் சுவரோடு நின்றான். கூட்டத்தைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தான். "இவ்வளவு பேர் கலியாணத்துக்கும் வந்து வீடியோ பாக்க மாட்டாங்க," என்றான்.

இன்றைக்கு நான் ஆவணப்படங்கள் செய்து பிழைக்கிறேன். தெரியாத வீடுகளின் வாசலில் நின்று, "கமெராவைக் கொண்டு உள்ளுக்கு வரட்டோ?" என்று கேட்பது என் தொழிலில் முக்கால்வாசி. சில பேர் வேண்டாம் என்பார்கள். தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு வருவேன். சில பேர் வேண்டாம் என்று சொல்லி, நாலு மாதம் கழித்துத் தாங்களே கூப்பிடுவார்கள். டிப்ளோமாவில் சொல்லித் தந்த எத்தனையோ மறந்து போய்விட்டன. அந்த மண்டபத்தில் இருந்த முகங்கள் மறக்கவில்லை. அவர்களில் ஒருவரையும் நான் கூட்டிக்கொண்டு வரவில்லை.

அன்றைக்கு அந்த மண்டபத்தில் படம் முடிந்து கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் கடைசி வரிசையைப் பார்த்தேன். பச்சைச் சாரியில் அந்தப் பெண் இருந்தார். வேலை முடிந்து நேரே வந்திருக்கிறார். பக்கத்தில் அக்கா. நீங்கள் இல்லாத படத்தைப் பார்க்க வாருங்கள் என்று அக்கா அவரையும் கேட்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. படம் ஓடின நேரம் முழுக்க அக்கா திரையைப் பார்க்கவேயில்லை, அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு சிந்து சொன்னாள்.

சனம் கலைந்த பிறகு அந்தப் பெண் எழும்பி எங்களிடம் வந்தார்.

"நான் இல்லைத்தானே," என்றார். கேள்வியாகவும் இல்லை, நம்பிக்கையாகவும் இல்லை.

"இல்லை, நீங்கள் இல்லை," என்றேன்.

"அதைப் பாக்கத்தான் வந்தனான். குறை நினைக்காதேங்கோ." போகத் திரும்பினவர் நின்றார். "அந்தத் துண்டு இன்னும் இருக்கோ?"

லப்டொப்பில் இருக்கிறது என்றேன். ஒரு தரம் பார்க்கலாமா என்று கேட்டார். கேக் மேசையில் லப்டொப்பை வைத்துத் திறந்தேன். ரிஸ்வான் கமெராப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்ப நின்றவன், அப்படியே நின்றுவிட்டான்.

அவர் தன்னைப் பார்த்தார். பணிஸ், தண்டவாளம், வாயைப் பொத்துகிற கை, குலுங்குகிற தோள். ரெயின் வந்து மறைத்தது.

"திரும்பப் போடுங்கோ," என்றார். போட்டேன்.

"என்ர மனிசன் செத்து முப்பத்தோராம் நாள் கிரியை முடிஞ்சு, நான் வேலைக்கு வந்த முதல் கிழமை அது," என்றார், திரையைப் பார்த்தபடியே. "கலியாணம் கட்டின புதுசில இதே பிளட்போமில நான் ஏறினதும் ரெயின் வெளிக்கிட்டுது. அவற்ற ரெண்டு கையிலயும் பணிஸ். எனக்கொண்டு, தனக்கொண்டு. ஓடிப் பாஞ்சு ஏறினார், ஒரு செருப்பு கீழ விழுந்திட்டு. இரத்மலானை வரைக்கும் ஒத்தைச் செருப்போட நிண்டுகொண்டு, பாக்கிற ஆக்களுக்கெல்லாம் இதுதான் இப்ப புதுப் பாஷன் எண்டு சொல்லிக்கொண்டு வந்தார். நீங்கள் படம் எடுத்த அண்டைக்குப் பாத்தா, தண்டவாளத்தில ஆருடையதோ ஒத்தைச் செருப்பு ஒண்டு கிடக்குது."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"வீட்டில மாமி இருக்கிறா. மகன் போனதிலயிருந்து அவ இன்னும் ஒரு வாய் வடிவாச் சாப்பிடேல்லை. நல்ல மனிசி. நான் சிரிக்கிறதை ஆரும் போனில அவவுக்குக் காட்டினா, என்னெண்டு விளங்கப்படுத்துவன்? அவரை நினைச்சுத்தான் சிரிச்சனான் எண்டு சொன்னா அவவுக்கு விளங்குமோ? எனக்கே விளங்கேல்லை." சாரித் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "அண்டைக்கு இந்தப் பிள்ளை வந்து கேட்டதில எனக்கு முதல் பயந்தான். பிறகு யோசிச்சுப் பாத்தன், கேக்காமலே போட்டிருந்தால் என்ர நிலைமை என்ன எண்டு."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு கேக் துண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். ரிஸ்வானின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவன் மூக்கை இழுக்கிற சத்தம் கேட்டது.

"இதை அழிச்சிடுவீங்கள்தானே?"

"நீங்களே அழியுங்கோ," என்றார் அக்கா. என்னிடம் கண்ணால் கேட்டார். நான் தலையை ஆட்டி, அந்தக் கோப்பைத் தேர்ந்து, எந்த விசையை அழுத்த வேண்டும் என்று காட்டினேன். வேறு எங்கும் பிரதி இல்லை என்று ரிஸ்வான் தானாகவே சொன்னான். தன்னிடம் இருந்ததையும் போனிலிருந்த முன்னோட்டத்தையும் போன கிழமையே அழித்துவிட்டானாம். எங்களுக்கு அவன் அதைச் சொல்லியிருக்கவில்லை. அக்காவின் போனிலிருந்த துண்டை, அந்தப் பெண் வேண்டாம் என்ற அன்றைக்கே அவருக்கு முன்னால் அக்கா அழித்திருந்தார்.

அந்தப் பெண் ஒற்றை விரலால் மெதுவாக அழுத்தினார். திரையில் ஒரு பெட்டி வந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"இதென்ன கேக்குது?"

"நிச்சயமா அழிக்கட்டோ எண்டு கேக்குது," என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். "உங்கட மெஷினுமா?" என்றார்.

அதைச் சொன்ன கையோடு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தப் போனார், பொத்தவில்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சாரித் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். திரும்பவும் வந்தது. அக்காவும் சிரித்தார், நானும் சிரித்தேன். மண்டபத்தின் ஜன்னல் வழியாக வந்த பின்னேர வெயில் சரியாக அவருடைய முகத்தில் விழுந்திருந்தது. எந்தக் கமெராக்காரனும் கமெராவில் கை வைத்திருப்பான்.

ரிஸ்வான் பையைத் தோளிலிருந்து இறக்கி, ஜிப்பை இழுத்து மூடி, மேசைக்குக் கீழே காலால் தள்ளி வைத்துவிட்டு வந்து எங்களோடு நின்று சிரித்தான்.